வரைவு வட்டம் நடத்துவது எப்படி: யாழ்ப்பாணத்துக்கு ஏற்ற முழு வழிகாட்டி

ஆறேழு பேர் மாதம் ஒருமுறை கூடுவார்கள். இன்னும் முடியாத கதையையோ கவிதையையோ கட்டுரையையோ முன்னரே வாசித்து வந்து, எங்கே பிடித்தது, எங்கே இடறியது என்று எழுதியவரிடமே சொல்வார்கள். இதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் வரைவு வட்டம்.

நான் சேர்ந்து தொடங்கிய முதல் வட்டம் மூன்றாம் கூட்டத்தோடு நின்றது. இரண்டாவது வட்டம் தொகுப்பு நூல் போடும் குழுவாக மாறி, அட்டைப்பட நிறத்தில் சண்டை பிடித்துக் கலைந்தது. மூன்றாவது இப்போதும் நடக்கிறது. ஆட்களின் திறமை மூன்றிலும் ஒன்றுதான். எதை எதற்கு முன் செய்தோம் என்பது மட்டும் மாறியது. அந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு சீ.ஆர். கொப்பி, சில பென்சில்கள், நேரம் பார்க்க ஒரு கைபேசி, கிட்ட ஒரு போட்டோகொப்பிக் கடை. பதாகை, இலச்சினை எல்லாம் முதல் வருடம் நினைக்கவே வேண்டாம்.

1. வெளியீட்டு விழாப் பழக்கத்தைச் செருப்போடு வாசலில் விடுங்கள்

எழுத்தைப் பற்றிக் கூடிப் பேச எங்களுக்குப் பழகிய வடிவம் நூல் வெளியீட்டு விழா. மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வெளியீட்டுரை, நயப்புரை, கடைசியில் ஏற்புரை. அங்கே நூல் அச்சாகி வந்துவிட்டது, மாற்ற ஒன்றும் இல்லை. மனம் நிறையப் புகழ்ந்துவிட்டு வடை சாப்பிட்டு வருவதில் ஒரு பிழையும் இல்லை.

வரைவு அப்படியில்லை. நாளைக்கே ஒரு பத்தியை வெட்டலாம், முடிவை மாற்றலாம். அதன் முன் நின்று நயப்புரை வாசித்தால் எழுதியவருக்கு ஒரு உதவியும் கிடைக்காது. ஆனால் புதிதாக வருபவர்கள் எல்லோரும் செய்வது இதுதான். வேறு மாதிரிப் பேச நாங்கள் எங்கேயும் பழகவில்லை.

ஆகவே முதல் நாள் ஒரு வரைவையும் எடுக்காதீர்கள். இரண்டு விடயங்களை மட்டும் பேசி ஒத்துக்கொள்ளுங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் கிடையாது. கூட்டத்தை நடத்துவது ஒவ்வொரு மாதமும் ஒருவர், பெயர் அகரவரிசைப்படி. இரண்டாவது, இங்கே பேசப்படுவது தாளில் உள்ள எழுத்து மட்டும். எழுதியவரின் முந்திய நூலும் பரிசும் குடும்பமும் பேச்சில் வராது.

பதவி ஏன் வேண்டாம் என்று கேட்பார்கள். பதவி வந்தால் யாப்பு, அதாவது சங்கச் சட்டவிதிகள், வரும். யாப்பு வந்தால் ஆண்டுப் பொதுக்கூட்டம் வரும். வரைவு வாசிக்க நேரம் இருக்காது.

2. ஐந்துக்குக் குறையாமல், ஏழுக்கு மேற்படாமல்

நாலு பேர் என்றால் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலே வட்டம் உடைகிறது. எட்டு ஒன்பது பேர் என்றால் ஆளுக்கு மூன்று நிமிடம் கொடுத்தாலும் ஒரு கதைக்கே முக்கால் மணித்தியாலம் போகிறது. ஆறு பேர் எங்களுக்குச் சரியாக வந்தது.

சேர விரும்புபவரிடம் சொந்த எழுத்தில் இரண்டு பக்கமும், வேறு யாராவது எழுதிய ஒரு வரைவைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பும் கேளுங்கள். அந்தக் குறிப்புத்தான் முக்கியம். நன்றாக எழுதும் ஒருவர் மற்றவர் எழுத்தை வாசிக்கப் பொறுமை இல்லாதவராக இருக்கலாம். அவரால் வட்டத்துக்குப் பயன் இல்லை.

இங்கே ஒரு சிக்கல் வரும். எங்கள் பக்கத்தில் எழுதுபவர்களில் பலர் ஆசிரியர்கள், அல்லது ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். வட்டத்தில் ஒரு சேர் வந்து உட்கார்ந்தால் மற்ற ஐந்து பேரும் அந்தக் கணமே பத்தாம் வகுப்புக்குப் போய்விடுவார்கள். சேர் சொன்னதற்கு மறுபேச்சு இருக்காது. அதற்குப் பிறகு எல்லோரும் ‘சேர் சொன்னமாதிரி’ என்றே தொடங்குவார்கள். அவரில் பிழை இல்லை. அவருக்கே அது பிடிக்காமல் இருக்கலாம்.

நாங்கள் கண்ட வழி எளியது. கருத்துச் சொல்லும் சுற்று வயதில் இளையவரில் தொடங்கி மூத்தவரில் முடியும். சேர், ரீச்சர், அண்ணை, அக்கா, தம்பி என்று வழக்கம்போல் கூப்பிடலாம், அதை மாற்றப் போனால் நாக்குக் குழறும். ஆனால் சுற்று நடக்கும்போது எல்லோருக்கும் ‘நீங்கள்’ மட்டும். தம்பி முறையானவரை ‘நீ’ என்று தொடங்கினால் அடுத்த வசனம் புத்திமதியாகத்தான் வரும்.

கணவன் மனைவி, அண்ணன் தம்பி ஒரே வட்டத்தில் இருந்தால் ஒருவர் எழுத்துக்கு மற்றவர் சுற்றில் பேசக்கூடாது. வீட்டில் பேசட்டும்.

3. இடமும் நேரமும்

போயா தினப் பின்னேரம் நல்லது. முழுநிலா நாள் என்பதால் அநேகமாக மாதம் ஒன்று வரும், அரச விடுமுறை, எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அடுத்த தெரிவு இரண்டாம் ஞாயிறு. எதுவானாலும் திகதியைக் கூட்டத்துக்குக் கூட்டம் பேசித் தீர்மானிக்காதீர்கள். பேசத் தொடங்கினால் ஒருவருக்குக் கலியாண வீடு, மற்றவருக்கு அந்தியேட்டி. முடிவு வராது.

மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்து மணிக்குள் முடியுங்கள். பருத்தித்துறை, சாவகச்சேரிப் பக்கம் இருந்து பஸ்ஸில் வருபவர்கள் இருட்டுமுன் வீடு போகவேண்டும். பெண்கள் வட்டத்தை விட்டு விலகுவதற்கு எழுத்து எப்போதாவதுதான் காரணம். கூட்டம் ஆறரைக்கு இழுபடுவதுதான் பெரும்பாலும் காரணம்.

இடத்துக்குச் சனசமூக நிலையத்தைக் கேட்டுப் பாருங்கள். ஊருக்கு ஒன்று இருக்கிறது, கதிரை மேசையும் இருக்கிறது. ஆனால் பத்திரிகை வாசிக்க வருபவர்கள் காதும் அங்கேயே இருக்கும். கூச்சப்படும் புதியவர் வாய் திறக்கமாட்டார். யாராவது வீட்டு விறாந்தை அதைவிட நல்லது, ஒவ்வொரு மாதமும் ஒரே வீடாக இல்லாவிட்டால். ஒரே வீடானால் அந்த வீட்டு அம்மா ஐந்தாம் மாதம் தேத்தண்ணிக்குச் சலித்துப் போவார், அவர் சலிப்பில் நியாயம் உண்டு.

முன்கூட்டிப் பார்க்க வேண்டியவை சில. கோயில் திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கேளுங்கள். ஆடி ஆவணியில் நல்லூர்த் திருவிழா 25 நாள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் வீதிகள் மூடியிருக்கும், அந்த மாதம் வேறு ஊரில் வையுங்கள். கார்த்திகை மார்கழியில் தகரக் கூரைக்குக் கீழே கூட்டம் வைக்காதீர்கள். மழை பிடித்தால் கவிதை ஒரு வரியும் கேளாது.

புலம்பெயர்ந்த ஒருவர் காணொளியில் சேர விரும்பினால் நேரத்தைக் கணக்குப் பாருங்கள். எங்கள் பின்னேரம் மூன்று மணி, லண்டனில் கோடையில் காலை 10.30, குளிர்காலத்தில் 9.30. டொரன்டோவில் கோடையிலேயே விடியப்புறம் 5.30, குளிர்காலத்தில் 4.30. லண்டன்காரர் வருவார். டொரன்டோக்காரர் வருவேன் என்று சொல்லுவார்.

4. வரைவை அனுப்புதல்

ஒரு கூட்டத்துக்கு இரண்டு வரைவு. கதையென்றால் 2000 சொல்லுக்குள், கவிதையென்றால் மூன்று வரை, நாவலென்றால் ஒரு அத்தியாயமும் அதற்கு முன் நடந்ததைச் சொல்லும் அரைப் பக்கமும். முழு நாவலையும் வாங்காதீர்கள். அன்புக்காக வாங்கி, வாசிக்காமல் வந்து, வாசித்ததுபோல் தலையாட்டும் நிலை வரும்.

கூட்டத்துக்கு ஏழு நாள் முன் வரைவு எல்லோர் கையிலும் இருக்க வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் அந்த வரைவு அடுத்த மாதம்தான். இதில் இரக்கம் காட்டினால் மூன்றாம் மாதமே முதல்நாள் இரவு பதினொரு மணிக்கு வரைவு வரத் தொடங்கும்.

கோப்பைப் பற்றி ஒரு பெரிய தொல்லை சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் பாமினி எழுத்துருவில் தட்டச்சுப் பழகியவர்கள் இன்னும் ஏராளம். பாமினி யூனிகோட் அல்ல. அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகு ஒருமுறை முழுதாக வாசித்துப் பாருங்கள். ‘ஔ’ இருக்கவேண்டிய இடத்தில் ‘ஒ’வும் ‘ள’வும் தனித்தனியே நிற்கும், மேற்கோள் குறிகள் வேறு குறியாக மாறியிருக்கும். மாற்றியதைப் பீடிஎஃப் ஆக்கி அனுப்பினால் எல்லோர் திரையிலும் ஒரே பக்கம் ஒரே வரியில் இருக்கும்.

வரி எண் போடுங்கள். வேர்ட் செயலியில் லேஅவுட் பகுதிக்குள் லைன் நம்பர்ஸ் என்று இருக்கிறது, ஓரிரு அழுத்தல்தான் வேலை. இது இல்லாத கூட்டத்தில் ‘அந்த ரெண்டாம் பக்கத்தில, நடுவில, இல்லை இன்னும் கொஞ்சம் கீழே’ என்று தேடியே பத்து நிமிடம் போகிறது. ஓரத்தில் மூன்று விரல் அகலம் வெற்றாக விடுங்கள், வரி இடைவெளி ஒன்றரை.

முதல் பக்க மேலே மூன்று தகவல் வரட்டும்: எத்தனையாவது வரைவு, என்ன திகதி, என்ன உதவி வேண்டும். மூன்றாவதைப் பலர் விடுகிறார்கள். ‘எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்’ என்பது கேள்வி ஆகாது. ‘தங்கச்சி கடிதத்தை மறைத்தது எந்த இடத்தில் உங்களுக்குத் தெரிந்தது?’, ‘முதல் பக்கத்தை வெட்டினால் ஏதாவது குறையுமா?’ என்பவைதான் கேள்விகள்.

முதல் வரைவா, சஞ்சிகைக்கு அனுப்ப முந்திய வரைவா என்பதைத் தெளிவாகச் சொல்வதும் அவசியம். முதல் வரைவில் ஒற்றுப் பிழை தேடுவது வீண்வேலை, அந்தப் பத்தியே நாளைக்கு இல்லாமல் போகலாம். கடைசி வரைவில் போய் ‘கதாநாயகனை மாற்றுங்கோ’ என்பது அதைவிடப் பிழை.

5. வீட்டில் வாசிக்கும்போது

இரண்டு முறை வாசிக்கவேண்டும். முதல்முறை கையில் பென்சில் இல்லாமல், ஒரே இருப்பில். பென்சில் இருந்தால் முதல் பத்தியிலேயே திருத்தத் தொடங்கிவிடுவோம். கதை நம்மை எங்கே இழுத்தது, எங்கே விட்டது என்பது தெரியாமலே போய்விடும். வாசகனாக வாசிக்க ஒரே ஒரு சந்தர்ப்பம்தான் இருக்கிறது.

இரண்டாம் முறை அடுத்த நாள், பென்சிலோடு. மூன்று குறி போதும். இழுத்த இடத்துக்கு ஓரத்தில் ஒரு கோடு, விளங்காத இடத்துக்குக் கேள்விக்குறி, மனம் வேறெங்காவது போன இடத்துக்கு அலைக்கோடு. இந்த அலைக்கோட்டைப் போட வெட்கப்படாதீர்கள். எழுதியவருக்கு வேறெங்கும் கிடைக்காத தகவல் அது. வெளியே உள்ள வாசகர் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவார், சொல்லமாட்டார்.

எழுத்துப் பிழை, ஒற்று, வசனக் குறிகளைத் தாளிலேயே திருத்திக் கொடுத்துவிடுங்கள். கூட்டத்தில் வாயால் சொல்ல வேண்டாம். ‘இங்கே வல்லினம் மிகுமா மிகாதா’ என்று யாராவது தொடங்கினால் ஆறு பேரும் புலவராகி, கதை அநாதையாகக் கிடக்கும். எங்கள் முதல் வட்டம் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

6. கூட்டத்தின் ஒழுங்கு

ஒரு வரைவுக்கு 40 நிமிடம். இந்தப் படிகளின் வரிசையை மாற்றாதீர்கள்.

முதலில் வரைவின் முதல் பக்கத்தைச் சத்தமாக வாசிப்பது, நாலைந்து நிமிடம். எழுதியவர் வாசிக்கக்கூடாது, வேறொருவர் வாசிக்க வேண்டும். எழுதியவர் தாளில் இல்லாத ஏற்ற இறக்கத்தையும் குரலால் போட்டுவிடுவார். மற்றவர் வாசிக்கும்போது வசனம் எங்கே இடறுகிறதோ அங்கே நாக்கும் இடறும், மூச்சு முட்டும். எழுதியவர் அந்த இடங்களைத் தன் பிரதியில் குறித்துக்கொள்ளலாம்.

அடுத்து, ஒருவர் கதையை மூன்று வசனத்தில் சொல்ல வேண்டும். புதியவர்கள் இந்தப் படியைத்தான் தேவையில்லை என்று தாண்டுவார்கள். தாண்டாதீர்கள். ஒருமுறை ஒரு கதையை ‘மகன் வீட்டை விற்க வந்த கதை’ என்று ஒருவர் சொன்னார். வேறு இருவர் திகைத்தார்கள். அவர்கள் வாசித்ததில் மகன் விற்க மறுக்கிறான். கடைசிப் பக்கத்தில் யார் கையெழுத்து வைத்தது என்பது தெளிவில்லை. பிறகு அரை மணித்தியாலம் எதைப் பேசவேண்டும் என்பது அந்த மூன்று வசனத்தில் வந்துவிட்டது.

மூன்றாவதாகக் கருத்துச் சொல்லும் சுற்று, ஆளுக்கு மூன்று நிமிடம், கைபேசியில் மணி வையுங்கள். இடையில் யாரும் குறுக்கிடக் கூடாது. முதலில் உங்களை இழுத்த ஒரு இடம், வரி எண்ணோடு. பிறகு இடறிய இடம், அதுவும் வரி எண்ணோடு. முந்தியவர் சொன்னதையே சொல்ல இருந்தால் ‘42ஆம் வரியில் எனக்கும் அதே’ என்று சொல்லி முடித்துவிடலாம். அதுவும் பெறுமதியான கருத்து.

சுற்று முடியும்வரை எழுதியவர் வாய் திறக்கக்கூடாது. ‘இல்லை, அதுக்குக் காரணம் என்னெண்டால்’ என்று அவர் தொடங்கினால், தாளில் இல்லாத கதை ஒன்று கூட்டத்துக்குள் வந்துவிடும். பிறகு எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசுவார்கள். சஞ்சிகையில் வாசிக்கும் ஒருவருக்குப் பக்கத்தில் எழுதியவர் நின்று விளக்கமாட்டார். சும்மா இருப்பது கஷ்டம் என்பது உண்மை. எங்களில் ஒருவர் அந்த நேரம் முழுக்க மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். துடைத்துத் துடைத்து ஒருநாள் அதன் கால் கழன்று விழுந்தது. கையில் பேனை கொடுங்கள், எல்லாவற்றையும் எழுதட்டும்.

நாலாவது, எழுதியவரின் நேரம், பத்து நிமிடம். விளக்கம் சொல்ல அல்ல, கேள்வி கேட்க. தான் முதல் பக்கத்தில் எழுதிய கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால் இப்போது கேட்கலாம். ‘அப்ப அந்தக் கடிதத்தை நீங்கள் என்னெண்டு நினைச்சீங்கள்?’ என்பது நல்ல கேள்வி.

பிறகு எல்லோரும் தாங்கள் குறி போட்ட பிரதிகளை எழுதியவர் கையில் கொடுத்துவிட வேண்டும். அதன் பிறகு தேத்தண்ணி. தேத்தண்ணியை முதலில் வைத்தால் மூன்று மணிக் கூட்டம் மூன்றே முக்காலுக்குத்தான் தொடங்கும். கிரிக்கெட், விலைவாசி, யார் கனடாவிலிருந்து வந்திருக்கிறார் என்று பேச்சு நீளும். இரண்டு வரைவுக்கும் நடுவில் கால் மணித்தியாலம் வையுங்கள், வடையோ ரோல்ஸோ அந்தந்த வீட்டு வசதிப்படி.

7. கருத்தைச் சொல்லும் விதம்

ஒரு மாதிரி வரைவின் தொடக்கம் இது. பழகுவதற்காக நானே எழுதியது:

‘மாலைச் சூரியன் பனைகளின் பின்னால் மெல்ல மறைந்துகொண்டிருந்தது. இருபது வருடங்களுக்குப் பிறகு மகேந்திரன் அந்தப் படலையின் முன் நின்றான். அவன் மனதில் ஆயிரம் எண்ணங்கள் அலைமோதின. படலைக் கொளுக்கி அதே இடத்தில் இருந்தது. கை தானாகவே அதை மேலே தூக்கி, பிறகு இடப்பக்கம் தள்ளியது.’

இதற்குப் புதியவர்கள் சொல்வது பெரும்பாலும் இப்படி: ‘மண்வாசனை வீசுது.’ ‘நல்ல நடை, இன்னும் மெருகூட்டலாம்.’ ‘பனை எண்டால் எங்கட அடையாளம் தானே.’ மூன்றிலும் எழுதியவர் வீட்டுக்குக் கொண்டுபோக ஒன்றும் இல்லை. மண்வாசனை எந்த வரியில்? மெருகு எங்கே?

பயன்படும் கருத்து இப்படி இருக்கும்: ‘கொளுக்கியை மேலே தூக்கி இடப்பக்கம் தள்ளிய இடத்தில் எனக்கு அந்த வீடு அவருடையது என்று விளங்கியது. இருபது வருடம் என்று எண் சொல்லியபோது அது வரவில்லை.’ அல்லது: ‘சூரியன் மறைகிற வரியை இரண்டாம் முறை கண் தாண்டிவிட்டது. ஆயிரம் எண்ணம் என்றால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை; ஒன்றைச் சொன்னால் போதும்.’

இதில் தீர்ப்பு இல்லை. வாசிக்கும்போது எனக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன், அவ்வளவுதான். ‘உங்கள் கதை வழவழா’ என்றால் எழுதியவர் மறுப்பார். ‘14ஆம் வரியில் என் மனம் அடுப்பில் வைத்த பாலுக்குப் போய்விட்டது’ என்றால் மறுக்க முடியாது, அது என் மனம்.

திருத்தம் சொல்வதை முடிந்தவரை தவிருங்கள். ‘நான் எண்டால் மகேந்திரன்ர மனுசியைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பன்’ என்று தொடங்கினால் நீங்கள் உங்கள் கதையை எழுதத் தொடங்கிவிட்டீர்கள். வீட்டுக்குப் போய் எழுதுங்கள், அடுத்த மாதம் நாங்கள் வாசிக்கிறோம்.

கவிதைக்கு இந்த முறை கொஞ்சம் இடிக்கும். ‘எனக்கு விளங்கவில்லை’ என்பது கவிதையில் எப்போதும் குறையல்ல. ஆகவே கவிதைக்கு ‘எந்தச் சொல்லில் நின்றேன்’, ‘எந்த வரியை எடுத்துவிட்டால் கவிதை குறையாது’ என்ற இரண்டை மட்டும் கேட்கிறோம்.

8. பேச்சுத்தமிழை வாய்விட்டுச் சோதியுங்கள்

கதாபாத்திரங்கள் பேசும் பகுதிகளை இரண்டு பேர் எழுந்து மாறி மாறி வாசிக்கட்டும். இதற்குத் தனியாக ஐந்து நிமிடம் வையுங்கள்.

எங்கள் வரைவுகளில் அடிக்கடி வரும் கோளாறு ஒன்று. சுன்னாகத்து ஆச்சி முதல் வரியில் ‘நான் அப்பவே சொன்னனான்’ என்பார், நாலாம் வரியில் ‘நான் போறேன்’ என்பார். தொலைக்காட்சித் தொடர் காதுக்குள் இருந்து எழுதுகிறது. ‘போறன்’ என்று வாய் சொல்லும், கை ‘போறேன்’ என்று எழுதும். தனியே வாசிக்கும்போது தப்பிவிடும் இது, சத்தமாக வாசித்தால் ஒரே கணத்தில் பிடிபடும்.

இன்னொன்று ‘உது’, ‘உவன்’, ‘உந்த’. கேட்பவருக்குக் கிட்ட இருப்பதைச் சுட்டும் இந்த உகரச் சுட்டு எங்கள் பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘உந்தக் கதவைச் சாத்து’ என்றால் கதவு யாருக்குப் பக்கத்தில் என்று தனியாக எழுதத் தேவையில்லை. ஆனால் பேசுபவரும் கேட்பவரும் எங்கே நிற்கிறார்கள் என்று எழுதுபவருக்கே தெரியாவிட்டால் ‘உந்த’வும் ‘அந்த’வும் மாறி விழும். எழுந்து நின்று வாசித்தால் அதுவும் தெரியும்.

ஊருக்கு ஊர் வேறுபாட்டையும் அந்தந்த ஊர்க்காரரிடம் கேளுங்கள். வடமராட்சிக் கதாபாத்திரத்துக்கு வடமராட்சிக்காரர், தீவகத்துக்குத் தீவார். வட்டத்தில் ஆள் இல்லையென்றால் பஸ்ஸில் காது கொடுங்கள்.

கதைசொல்லியின் தமிழ் வேறு விடயம். உரையாடலுக்கு வெளியே ‘கதிரை’யா ‘நாற்காலி’யா, ‘விறாந்தை’யா ‘தாழ்வார’மா என்று எழுதியவர் ஒரு முடிவுக்கு வந்துவிட வேண்டும். எதுவும் சரி, நடுவில் மாறினால் மட்டும் சொல்லுங்கள். தமிழ்நாட்டுச் சஞ்சிகைக்கு அனுப்புவதற்காக உரையாடலைத் தண்ணீராக்க வேண்டாம் என்பது என் கட்சி. இதில் எங்கள் வட்டத்திலேயே ஒற்றுமை இல்லை.

9. இழப்பும் அடையாளமும்

இங்கே எழுதப்படும் வரைவுகளில் கணிசமானவை போரையும் இடம்பெயர்வையும் காணாமற்போனவர்களையும் தொடும். எழுதியவரின் சொந்த வீட்டு இழப்பாகவும் இருக்கலாம். இரண்டு பிழை நடக்கும். ஒன்று, எல்லோரும் கண்கலங்கி, எழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுவது. மற்றது, ‘அப்பிடி நடக்கேல்லை, நான் அந்த நேரம் அங்கை நிண்டனான்’ என்று விவாதத்தில் இறங்குவது.

கூட்டத்தை நடத்துபவர் முதல்நாளே எழுதியவரோடு தனியாகக் கதைத்துவிட வேண்டும். வழக்கமான சுற்று வேண்டுமா, வெறுமனே வாசித்துக் கேட்டால் போதுமா, எந்த இடத்தைத் தொடவேண்டாம். பதில் எதுவானாலும் அதன்படி நடத்துங்கள். திகதி, இடப்பெயர் பிழையென்றால் ஓரத்தில் எழுதிக் கொடுங்கள், வாயால் வேண்டாம்.

யாழ்ப்பாணம் சின்ன இடம். ஒழுங்கை, தொழில், எத்தனை பிள்ளைகள் என்ற மூன்றையும் எழுதினால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். உண்மை மனிதரை வைத்து எழுதியது என்று வட்டத்தில் இருவருக்குத் தெரிந்தால் அந்த மூன்றில் இரண்டையாவது மாற்றச் சொல்லுங்கள்.

வரைவை வெளியே அனுப்பக்கூடாது என்ற விதியும் இங்கேதான் வருகிறது. ஒருவர், பாராட்டும் எண்ணத்தில்தான், வட்டத்துக் கவிதை ஒன்றை வெளிநாட்டில் உள்ள மச்சாளுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினார். இரண்டாம் நாள் அது முகநூலில், எழுதியவர் பெயர் இல்லாமல். அந்தக் கவிதை ஒரு போட்டிக்குத் தயாராக இருந்தது, எங்கும் வெளிவராததாக இருக்கவேண்டும் என்பது போட்டி விதி. வட்டக் குழுவில் வந்த கோப்பைக் கூட்டம் முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

‘என் கதையைத் திருடிவிட்டால்?’ என்று புதியவர்கள் பயப்படுவார்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதிய எழுத்துக்குப் பதிவு செய்யாமலே பதிப்புரிமை உண்டு. எழுதியவரின் ஆயுள் முழுவதும், அதன்பின் 70 வருடமும். ஆனால் வெறும் யோசனைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. திகதியிட்ட கோப்பும், சீ.ஆர். கொப்பியில் ‘இன்ன திகதி, இன்னார், இன்ன வரைவு’ என்ற ஒரு வரியும் இருந்தால் சந்தேகம் வந்தால் காட்டலாம்.

10. எழுதியவர் வீட்டுக்குப் போன பிறகு

மூன்று நாள் ஒன்றும் செய்யாதீர்கள். முதல் இரவில் கோபம் திருத்தும், இரண்டாம் இரவில் தாழ்வு மனம் திருத்தும். இரண்டும் நல்ல திருத்துநர்கள் இல்லை.

நாலாம் நாள் எல்லாப் பிரதிகளையும் விரித்து, வெற்றுப் பிரதி ஒன்றில் எல்லோருடைய குறிகளையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரே வரியில் மூன்று அலைக்கோடு விழுந்தால் அங்கே ஏதோ இருக்கிறது. மூன்று பேரும் மூன்று மருந்து சொல்லியிருப்பார்கள்; மூன்றும் பிழையாக இருக்கலாம், நோவு இருப்பது மட்டும் உண்மை. ஒருவர் மட்டும் குறி போட்ட இடத்தை உங்களுக்குச் சரியென்று பட்டால் மாற்றுங்கள், படாவிட்டால் விடுங்கள்.

எல்லோர் சொல்லையும் கேட்டு எல்லாவற்றையும் மாற்றினால் கதை ஆறு பேர் சேர்ந்து அவித்த கூழாகிவிடும். கூழ் நல்லதுதான், கதைக்கு ஆகாது.

அதே வரைவை வட்டத்துக்கு இன்னொருமுறை கொண்டுவரலாம். மூன்றாம் முறை வேண்டாம். அதற்குள் எல்லோருக்கும் கதை மனப்பாடம், யாரும் வாசகராக வாசிக்கமாட்டார்கள்.

11. மூன்றாம் நாலாம் மாதத்தில் வரும் தொல்லைகள்

தன் வரைவுக்கு மட்டும் வந்து, மற்ற மாதம் வராமல் விடுபவர் ஒருவர் இருப்பார். விதியை முன்னரே எழுதுங்கள்: இரண்டு பேர் வரைவை வாசித்துக் கருத்துச் சொன்ன பிறகுதான் சொந்த வரைவு கொடுக்கலாம். கொப்பியில் கணக்கு இருக்கும், முகம் முறிக்கத் தேவையில்லை.

ஒரு வரைவும் வராத மாதம் வரும். கூட்டத்தைத் தள்ளிப் போடாதீர்கள். ஆளுக்கு, தாங்கள் பாதியில் கைவிட்ட பழைய எழுத்தில் ஒரு பக்கம் கொண்டுவரட்டும். ஏன் விட்டோம் என்று மற்றவர்கள் ஊகிக்கட்டும். எங்களுக்கு அப்படி ஒரு மார்கழியில்தான் இரண்டு கதைகள் மறுபடி உயிர் பெற்றன.

ஆறாம் மாதமளவில் யாராவது ‘இவ்வளவு சேர்ந்துட்டுது, ஒரு தொகுப்புப் போடுவமே’ என்பார்கள். போடலாம். ஆனால் வேறு நாளில், வேறு இடத்தில், வேறு கொப்பியில் கதையுங்கள். போயாப் பின்னேரம் மூன்று மணிக்கு மேசையில் இரண்டு வரைவு இருக்கட்டும்.